ஒரே போனில் பதினேழு பேர்

"ஜூன் 11, புதன். மூன்றாவது முறையாக எழுதி அனுப்பியது. இலக்கு ஒன்று: சோதனைச் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடுபவர்கள் நாற்பத்தாறு பேரில் ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது. இலக்கு இரண்டு: அதைச் சந்தேகச் செய்தி என்று அறிவிப்பவர்கள் முப்பது பேருக்குக் குறையக் கூடாது. காலம்: நான்கு மாதம். மாலை 4.10க்கு ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. வெளியே புழுதிக் காற்று."

அந்த நாளுக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். எழுதும்போது இதை ஒரு தொல்லை முடிந்த நாளாகவே நினைத்திருந்தேன்.

பாளையம்பட்டியைத் தாண்டிச் சற்று உள்ளே இருக்கும் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் எழுத்தர் நான். வருகைப் பதிவு, ஷிப்டுப் பட்டியல், விடுப்பு. இருபத்தாறு வருடமாக இதே மேசை. அந்த வருடம் மே மாதம் எங்கள் கம்பெனியின் இன்னொரு கிளையில், முதலாளி பெயரில் வந்த ஒரு பொய் மின்னஞ்சலை நம்பி, ஓர் எழுத்தர் தொழிலாளர்களின் முகவரிப் பட்டியல் முழுவதையும் அனுப்பிவிட்டார். நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்தி போய்விட்டது. உங்கள் ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி உண்டா, உண்டென்றால் எண்ணில் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்க, தலைமை அலுவலகம் ஒவ்வொரு கிளையையும் இலக்கு எழுதி அனுப்பச் சொன்னது. எங்கள் கிளையில் அது என் மேசைக்கு வந்தது. கடிதத்துக்குத் தேதியும் பார்வை எண்ணும் போட்டுப் பதில் எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு உண்டு. அதனால் வந்த வேலைகள் பல.

முதலில் "பணியாளர்களிடையே விழிப்புணர்வை அதிகரித்தல்" என்று எழுதினேன். அளக்க முடியாது என்று திரும்பி வந்தது. "அனைவருக்கும் பயிற்சி அளித்தல்" என்று எழுதினேன். பயிற்சி அளிப்பது உங்கள் வேலை, அதனால் அவர்களிடம் என்ன மாறியது என்பதை எழுதுங்கள் என்று திரும்பி வந்தது. நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. தலைமை அலுவலகமே எங்கள் ஆலையின் நாற்பத்தாறு பேருக்கும் ஒரு பொய்ச் செய்தி அனுப்பிச் சோதிக்கும் என்றிருந்ததால், மூன்றாவது முறை ஐந்து என்றும் முப்பது என்றும் எழுதினேன். ஏன் ஐந்து, ஏன் ஏழு இல்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. எண்ணாக இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள்.

இனி எடைமேடையில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சு லோடு உள்ளே வரும்போதும் நூல் லோடு வெளியே போகும்போதும் லாரியை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பவர். நாற்பதை ஒட்டிய வயது. திருச்சுழிப் பக்கத்து ஊர், காலை 6.50 பஸ்ஸில் வருவார். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தார். ஒவ்வொரு ஆகஸ்ட் 31ஆம் தேதியும் ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்கள். இந்த ஆகஸ்டில் நிரந்தர ஆணை கொடுப்பதாக வாய்வார்த்தை இருந்தது. அதை நம்பி, டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கூப்பிட்ட வேலையை அவர் ஏப்ரலில் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் ஆயிரம் வேலை கிடைக்குமே என்று யாராவது சொன்னால், "அது வாரப்ப வரட்டும். எனக்கு ஆகஸ்டு வந்தாப் போதும்" என்பார்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. எப்போது தொடங்கியது என்று நான் குறித்து வைக்கவில்லை. நூற்புக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எடைமேடை அறையில் இருக்கும் மரத்தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வந்து எடுப்பார்கள். எடுத்ததும் வந்திருக்கும் செய்திகளைப் பார்ப்பார்கள். புரியாதது, ஆங்கிலத்தில் இருப்பது, பயமாக இருப்பது எதுவானாலும் அந்த அம்மாவிடம் கேட்பார்கள். பாதிப் பேர் போனில் நெட் தீர்ந்திருக்கும். அதனால் செய்தியை அப்படியே அவர் போனுக்குத் தள்ளிவிட்டு, வேப்பமரத்தடியில் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அவர் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்வார். "ஏய், அது டுபாக்கூரு, அழிச்சிரு." அல்லது, "இது நெசந்தேன். நாளைக்கு ரேஷன் கார்டைக் கொண்டுட்டுப் போ." இதை யாரும் அவருக்குக் கொடுத்த வேலையாகச் சொல்ல முடியாது. யாரும் தடுத்ததும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி. மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, கேன்டீன் கூடத்தில் அரை நாள் வகுப்பு எடுத்தார். நல்ல பையன், பொறுமையாகச் சொன்னார். சந்தேகமான இணைப்பைத் திறக்காதீர்கள், அறிவியுங்கள் என்பதுதான் சாரம். பரளச்சியிலிருந்து வரும் எலக்ட்ரீசியன் எழுந்து நின்றான். கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன்.

"அறிவிக்கிறதுன்னா யாருட்ட சார் அறிவிக்கணும்?"

"உங்க போன்ல நாங்க ஒரு செயலி போட்டுத் தருவோம். அதுல சிவப்பு பட்டன் இருக்கும். அதை அழுத்தினாப் போதும்."

"பட்டன் பதில் சொல்லுமா?"

"பதில் சொல்லாது. பதிவாகும்."

"அப்ப எங்க பட்டனே தேவல சார். எடைமேடைல அக்கா இருக்காக. பதிலும் சொல்லுவாக, திட்டவும் செய்வாக."

கூடமே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா பின்வரிசையிலிருந்து, "ஏலே, ஒன் போன்ல வார கண்றாவியெல்லாம் நான் பாக்குறேன்ல, எனக்குத்தேன் மொதல்ல பயிற்சி குடுக்கணும்" என்றார். மறுபடியும் சிரிப்பு. அன்றைய குறிப்பில் "வகுப்பு நன்றாக நடந்தது. 46க்கு 44 பேர்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன், பகல் 12.30க்குச் சோதனைச் செய்தி வந்தது. "நாளை முதல் ஷிப்டு மாற்றம். உங்கள் புதிய ஷிப்டை அறிய இங்கே தொடவும்." கெட்டிக்காரத்தனமான செய்தி. ஆலையில் வேலை பார்ப்பவனுக்கு ஷிப்டு மாறுகிறது என்பதைவிடப் பெரிய செய்தி எது? நாற்பத்தாறு பேருக்கும் தனித்தனி இணைப்பு. யார் போனில் திறந்தாலும், யாருக்கு அனுப்பப்பட்டதோ அவர் பெயரில் பதிவாகும்.

ஜூலை 14, திங்கள், முடிவு வந்தது. தொட்டவர்கள் பத்தொன்பது. அறிவித்தவர்கள் இரண்டு. அறிவித்த இருவரில் ஒருவன் நான். சோதனை வரும் என்று முன்பே தெரிந்தவன்.

பர்சனல் ஆபீசர் தாளை என் மேசையில் போட்டார். எங்கள் கிளையில் ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் பொறுப்பு. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். "அஞ்சுன்னு எழுதினது நீங்கதானே? பத்தொம்பதுக்கு என்ன சொல்லப் போறீங்க? நாளைக்குள்ள விளக்கம் வேணும்."

அவர் போனபின் தாளை வரிவரியாகப் பார்த்தேன். பெயர், தொட்ட நேரம், எந்த வகைப் போன் என்று மூன்று பத்திகள். பத்தொன்பதில் இரண்டு தனியாக நின்றன. ஒன்று ஸ்டோரில் இருப்பவர், பிற்பகல் 3.05. மற்றொன்று பர்சனல் ஆபீசரே, 12.31, செய்தி வந்த மறு நிமிடம். மீதிப் பதினேழும் சாப்பாட்டு நேரத்தில், 12.48க்கும் 1.27க்கும் இடையில் வரிசையாக இருந்தன. பதினேழுக்கும் ஒரே வகைப் போன். எண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த மாதத்தில் அந்த ஒரு தடவைதான். எழுந்து எடைமேடைக்குப் போனேன்.

ஒரு லாரி மேடையில் நின்றது. எடைச் சீட்டை ஓட்டுநரிடம் நீட்டிவிட்டு, "என்னண்ணே, வெயில்ல வந்திருக்கீக?" என்றார்.

"மூணாந்தேதி ஷிப்டு மாறுதுன்னு ஒரு செய்தி வந்துச்சே..."

"ஆமா. பூராப் பேரும் எனக்குத்தேன் அனுப்பிவிட்டாக. ஒண்ணொண்ணாத் தொறந்து பாத்தேன். பேரும் பாஸ்வேர்டும் கேட்டுச்சு. ஷிப்டு சொல்ல பாஸ்வேர்டு எதுக்குன்னு, யாரும் தொடாதிகன்னு சொல்லிட்டேன்."

"ஒண்ணத் தொறந்து பாத்தது போதாதா? பதினேழையும் தொறக்கணுமா?"

"ஒருத்தனுக்கு நெசமா வந்திருந்தா? அவன் ஷிப்டத் தப்ப விட்டுட்டான்னா, லீவு போடுறது நீங்கதானண்ணே?"

தன் பெயரில் வந்த செய்தியைத் திறந்தாரா என்று கேட்டேன். "நமக்குத்தேன் ஷிப்டே கெடையாதே. எனக்கு வந்ததப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, பொய்யின்னு" என்றார்.

இணைப்பைத் திறந்தது தவறுதான். வகுப்பில் சொன்னதற்கு நேர் எதிர். நிஜ மோசடியாக இருந்து, திறந்த மாத்திரத்தில் போனில் ஏதாவது இறங்கியிருந்தால் பதினேழு பேருக்குப் பதில் அவர் ஒருவர் மாட்டியிருப்பார். ஆனால் அந்தப் பதினேழு பேரும் ஒரு செய்தியைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, தொடாமல், தங்களுக்குத் தெரிந்த இடத்தில் அறிவித்தார்கள் என்பதும் உண்மை. எங்கள் அளவுகோலில் அந்தப் பதினேழும் தொட்டவர் பத்தியில் விழுந்தன. அறிவித்தவர் பத்தியில் ஒன்றுகூட விழவில்லை.

அன்று மாலை விளக்கம் எழுதினேன். நகல் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து: "பத்தொன்பதில் பதினேழு இணைப்புகள், எடைமேடையில் பணிபுரியும் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் போனில், மற்றவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் திறக்கப்பட்டவை. எனவே தொட்டவர்கள் உண்மையில் மூன்று பேர் என்று கொள்ளலாம். இலக்கு எட்டப்பட்டதாகவே கருத வேண்டுகிறேன்."

எழுதி முடித்ததும் இரண்டு முறை படித்தேன். எல்லாமே சரியாக இருந்தது. தேதி, நேரம், எண்ணிக்கை, காரணம். பெயர் போடவில்லை. பெயர் போடாததை ஒரு எச்சரிக்கையாக நினைத்தேன். எங்கள் ஆலையில் எடைமேடையில் பணிபுரியும் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர்தான்.

இரண்டு நாள் கழித்து பர்சனல் ஆபீசர் கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது.

"உங்க குறிப்பு ரொம்ப உதவியா இருந்துச்சு சார். மேல பாராட்டினாங்க. பிரச்சினை நாற்பத்தாறு பேர்கிட்ட இல்ல, ஒரே ஆள்கிட்டதான்னு தெளிவாத் தெரிஞ்சுபோச்சு. அந்த அம்மாவை அதிக ஆபத்துள்ள பணியாளர்னு குறிச்சிருக்காங்க."

"நான் எழுதினது அப்படி இல்லையே சார். அவுக தடுத்திருக்காக. அவுக சொன்னதாலதான் ஒருத்தரும் பாஸ்வேர்டு குடுக்கல."

"குடுத்தாங்களா குடுக்கலையாங்கிறது இலக்குலயே இல்ல சார். தொட்டது எத்தனைன்னுதான் இருக்கு. நீங்க எழுதினதுதான்."

"நிரந்தரம்?"

"பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

பாக்கலாம் என்றால் என்ன என்று இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தெரியும். பர்சனல் ஆபீசர் தொட்டதும் பத்தொன்பதில் ஒன்று என்று அவருக்கு நினைவூட்டலாமா என்று தோன்றியது. நினைவூட்டவில்லை. அதனால் அந்த அம்மாவுக்கு நன்மை எதுவும் வந்திருக்காது.

அன்றே எடைமேடைக்குப் போய், என் குறிப்பால் வந்த வினை இது என்று சொன்னேன். மறைத்து வைக்கத் தெம்பு இல்லை. எடை காட்டும் திரையைப் பார்த்தார். மேடையில் லாரி இல்லை, சைபர்தான் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க நல்லதுக்குத்தான எழுதினீக" என்றார். பிறகு, "இனிமே யாராச்சும் அனுப்பினா என்ன செய்யட்டும்? பாக்க மாட்டேன்னு சொல்லிரட்டுமா?"

"திறக்காதீக. வந்த செய்தியை மட்டும் படிச்சுச் சொல்லுங்க. யார் கேட்டா, என்ன கேட்டா, நீங்க என்ன சொன்னீகன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க."

"ஆகஸ்டுக்குள்ள நோட்டு நெறஞ்சிருமாண்ணே?" என்று சிரித்தார்.

ஜூலை 17, வியாழன். நானே ஒரு நீள நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஆகஸ்ட் 25 வரை அறுபத்தொரு பதிவுகள். எழுத்து குண்டு குண்டாக, எடைச் சீட்டு எழுதுவதைப் போலவே இருந்தது. சிலவற்றை எடுத்தெழுதி வைத்திருக்கிறேன்.

"ஜூலை 22. ஸ்டோர் அண்ணன். கரண்டு பில் கட்டல, இன்னைக்குக் கட் பண்ணுவோம்னு வந்தது. பொய். தொடல."

"ஆகஸ்ட் 4. கேன்டீன் அக்கா. மக பள்ளிக்கூடத்துல இருந்து வந்தது. உண்மை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன்."

"ஆகஸ்ட் 12. எலக்ட்ரீசியன். கார் பரிசு விழுந்திருக்காம். பொய்னு சொன்னேன். தெரியும் சும்மா காட்டினேன் என்றான்."

நோட்டோடு தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வைத்தேன். தொட்டவர் எண்ணிக்கையை மட்டும் அளக்காமல், தொடுவதற்குமுன் யாரிடமாவது கேட்டவர் எண்ணிக்கையையும் அளக்கலாம். கேட்கிற இடம் ஆலைக்குள்ளேயே இருக்கிறது, அங்கே இருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதும். அவருடைய நிரந்தர ஆணையை இந்தச் சோதனையோடு சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். பர்சனல் ஆபீசர் படித்துவிட்டு, "கேட்டதை எப்படி சார் அளக்கிறது?" என்றார். நோட்டைக் காட்டினேன். "கையால எழுதினது ஆதாரம் ஆகாதே" என்றார். ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 26, செவ்வாய், டவுனுக்குப் போய் நானே கூரியரில் போட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி. மின்னஞ்சலில் ஆணை வந்தது. ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் புதுப்பிக்கப்படுகிறது. நிரந்தரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பணியிடம் எடைமேடையிலிருந்து பஞ்சுக் கிடங்குக்கு மாற்றப்படுகிறது. பஞ்சுக் கிடங்கு ஆலையின் பின்கோடியில் இருக்கிறது. தீப்பிடிக்கும் இடம் என்பதால் அங்கே யாரிடமும் போன் இருக்கக் கூடாது.

ஆணையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"ஜவுளிக்கடையில ஆள் போட்டுட்டாக. போன மாசமே கேட்டுட்டேன்" என்றார். அதாவது அவருக்கு ஜூலையிலேயே தெரிந்திருந்தது.

மரத்தட்டில் எந்தப் போன் யாருடையது என்று புதிதாக வந்த ஆளிடம் சொல்லிவிட்டு, 5.20 பஸ்ஸுக்குப் போனார். திங்கட்கிழமை காலை கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். வருகைப் பதிவில் 7.42.

அக்டோபர் 9, வியாழன், இரண்டாவது சோதனை. தொட்டவர்கள் மூன்று. அறிவித்தவர்கள் முப்பத்து நான்கு. இரண்டு இலக்கும் எட்டப்பட்டன. பர்சனல் ஆபீசர் அலுவலகத்தில் எல்லோருக்கும் மிக்சர் பொட்டலம் கொடுத்தார். எலக்ட்ரீசியனிடம் முப்பத்து நான்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"வார எல்லாத்தையும் சிவப்பு பட்டன்ல அமுக்கிருதோம் சார். நீங்க அனுப்புற ஷிப்டு லிஸ்டையும் சேத்துத்தேன். யோசிக்கிற வேலையே இல்ல."

உண்மைதான். அந்த வாரம் நான் அனுப்பிய உண்மையான ஷிப்டுப் பட்டியலை இருபத்தோரு பேர் சந்தேகச் செய்தி என்று அறிவித்திருந்தார்கள். நான்கு பேர் ஷிப்டு தவறி வந்தார்கள். அவர்களுக்கு விடுப்புக் குறித்தேன். வேப்பமரத்தடியில் இப்போது அவரவர் போனை அவரவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஜன்னலிலிருந்து குரல் எதுவும் வருவதில்லை.

அந்த அம்மா கிடங்கில் இருக்கிறார். பஞ்சுப் பொதிகளை எண்ணிக் குறிக்கிற வேலை. மூக்கில் துணி கட்டியிருப்பார். சந்திக்கும்போது, "அண்ணே, இங்க ஒரு செய்தியும் வாரதில்ல, நிம்மதி" என்பார். பொதியில் சாய்ந்துகொண்டுதான் சொல்வார். அடுத்த ஜூலையில் அந்தப் பதினோரு மாதம் முடியும். அதற்கு என்ன எழுத வேண்டும், எழுத வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்க்க முயன்றேன். நோட்டும் கடிதமும் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தது ஆகஸ்ட் 28, வியாழன், காலை 11.40 என்று கூரியர் சீட்டு சொல்கிறது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து படிக்கும்படி இல்லை. அந்த அம்மாவின் ஆணையிலும் தேதி ஆகஸ்ட் 28தான், நேரம் போடவில்லை. இரண்டு முறை போன் செய்து கேட்டேன். வந்த தபால் எல்லாம் அன்றன்றே மேலே போய்விடும் என்றார்கள். நோட்டைத் திருப்பி அனுப்பும்படி எழுதினேன், வரவில்லை. ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அந்த அறுபத்தொரு பதிவுகளைப் பார்த்துவிட்டுப் போட்டாரா, பார்க்காமலே போட்டாரா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.